450 கிலோ ஸ்டிக்கர் ஒட்டிய இன்ஜின் ஸ்டாண்ட்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டு கராஜில் இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க ஸ்டாண்ட் வாங்கப் போகிறீர்களா? ஸ்டிக்கரில் இருக்கும் கிலோ கணக்கை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். நான் ஆன்லைனில் வாங்கியதில் "450 கிலோ" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதில் ஏற்றியது நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின். வார்ப்பிரும்பு பிளாக்தான், ஆனாலும் ஹெட்டும் மேனிஃபோல்டும் கழற்றிய பிறகு 200 கிலோவைத் தாண்டாது. அதற்கே ஸ்டாண்ட் தலை குனிந்துவிட்டது.

நல்லவேளை, இன்ஜினைத் தூக்கிப் பிடித்திருந்த செயின் பிளாக்கை (சங்கிலிக் கப்பி) முழுசாக விடவில்லை. சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும்போதே 'டிக்' என்று சத்தம். தூணும் அடிச்சட்டமும் சேருகிற மூலையில், பெயிண்டில் மயிரிழை போல ஒரு விரிசல். இன்னும் ஒரு பிடி தளர்த்தியதும் அது வாய் பிளந்தது. இன்ஜினை உடனே மேலே இழுத்துவிட்டேன்.

ஸ்டாண்டைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. கண்ணில் படுகிற இரண்டு பக்கம் மட்டும் வெல்டிங். அடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக டேக் (பொட்டு வெல்டு) அடித்து, மேலே தடியாகப் பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். கிரைண்டர் வைத்துப் பெயிண்டை எடுத்தால், வெல்டு பைப்புக்குள் இறங்கவே இல்லை. மேலே சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. பைப் முனையில் இருந்த பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்து, வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிமனை அளந்தேன். விளம்பரத்தில் 4 மி.மீ. என்று போட்டிருந்த பைப்பின் சுவர், 2 மி.மீ.கூட முழுசாக இல்லை. அந்த மூடியை அழகுக்குப் போடுகிறார்களா, இதை மறைக்கப் போடுகிறார்களா!

60 மி.மீ. சதுர பைப்பில் 4 மி.மீ. சுவர், 2 மி.மீ. சுவரைவிட வளையாமல் ஏறக்குறைய 1.8 மடங்கு தாங்கும். ஸ்டாண்டில் இன்ஜின் உட்காருவதில்லை. பெல்ஹவுசிங் பக்கத்து, அதாவது கியர்பாக்ஸ் சேரும் பக்கத்து, நாலு போல்ட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நீட்டித் தொங்குகிறது. 200 கிலோவின் மையம் தூணிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தால், 785 நியூட்டன் மீட்டர் அளவுக்கு அது தூணை வளைக்கப் பார்க்கும். எவ்வளவு தூரத்தில் என்று சொல்லாமல் கிலோவை மட்டும் போட்டால் அது பாதிக் கணக்குதான்.

கூட வந்த போல்ட்டுகளும் அதே லட்சணம். தலையில் பலத்தைக் காட்டும் 8.8, 10.9 என்று எந்தக் குறியும் இல்லை, மொழுமொழு என்று இருந்தன. முன்பக்கம் ஒற்றைச் சக்கரம் வேறு. தரையில் சின்னப் பிளவில் அது மாட்டினால் மொத்தமும் சாயப் பார்க்கும். நாலு சக்கரம் வைத்து, முன்னாலும் அகலமாக இருப்பதை வாங்குங்கள்.

விற்றவரிடம் கேட்டேன். முதலில் படம் கேட்டார், அனுப்பினேன். "ஓவர்லோடு ஏற்றியிருக்கிறீர்கள், எடை போட்ட சீட்டு இருக்கிறதா?" என்றார். அடுத்து, பெயிண்டைச் சுரண்டியதால் வாரண்டி செல்லாது என்றார். கிரைண்டர் வைப்பதற்கு முன்பு எடுத்த விரிசல் படங்களையும் அனுப்பினேன். அதற்குப் பதிலே காணோம். கடைசியில், திருப்பி அனுப்புவதென்றால் லாரி வாடகை என் தலையில் என்றார். இரும்புச் சாமான் வாங்கும்போது திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வெல்டிங் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் செய்துகொள்வதே மேல். தூணுக்கு 4 மி.மீ.க்குக் குறையாத பைப், மூலையில் இரண்டு பக்கமும் முக்கோணத் தகடு, சுற்றி முழு வெல்டு. இன்ஜின் மாட்டும் தலையை இரண்டு மூன்று டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். எடை ஏறியதும் மட்டத்துக்கு வந்துவிடும். கால்வனைஸ்டு பைப்பை அப்படியே வெல்டு செய்ய விடாதீர்கள், அந்தத் துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

ஏற்கெனவே இப்படி ஒரு ஸ்டாண்டில் இன்ஜின் தொங்குகிறது என்றால், தூணின் அடிமூலையை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் வெடித்திருந்தால் ஸ்டாண்டை உருட்டவோ இன்ஜினைத் திருப்பவோ வேண்டாம். முதலில் மேலிருந்து சங்கிலி போட்டு எடையை வாங்கிக்கொள்ளுங்கள்.