பதற்றத்துக்கு அக்குபஞ்சர்: 15 மாத அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் தூக்கம் கெடுவது இந்த வேலையில் எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்கு ஷிப்மென்ட் போன பிறகும் அது நிற்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். காலையில் எழுந்தால் தாடை வலிக்கும். தூக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருப்பேன். இசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்றார்கள். கடைசியில் மனநல மருத்துவர்தான் இது பதற்ற நோய் என்று சொல்லி, எஸ்சிட்டலோப்ராம் என்ற மாத்திரை 10 மி.கி. கொடுத்தார். ஒரு மாதத்தில் பயம் கொஞ்சம் அடங்கியது. உடம்பின் இறுக்கம் மட்டும் போகவில்லை. அதற்காகத்தான் அக்குபஞ்சர் பக்கம் போனேன்.

முதலில் போன இடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே ஊசி கிடையாது, தொடு சிகிச்சை. நாடி பார்த்து, கையில் ஒரு புள்ளியை விரலால் தொட்டுவிட்டு, "மாத்திரை எல்லாம் கழிவு, அதை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும்" என்றார் அந்த ஹீலர். நம்பி ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து தலை சுற்றல். கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. போன் செய்து கேட்டால், "கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி" என்று பதில். அது கழிவு இல்லை. இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வரும் விளைவு என்று மனநல மருத்துவர் பிறகு விளக்கினார். மறுபடி ஆரம்பித்த பிறகுதான் சரியானது. தொடு சிகிச்சையில் குணமானவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு வாதம் இல்லை. ஆனால் மருத்துவர் எழுதிய மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடத்திலிருந்து அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவதாகப் போனது பி.என்.ஒய்.எஸ். முடித்த ஒரு பெண் டாக்டரிடம். யோகா, இயற்கை மருத்துவத்துக்கான ஐந்தரை வருடப் படிப்பு அது. அக்குபஞ்சரும் அதில் ஒரு பாடம். மாத்திரை, மற்ற நோய்கள், மாதவிடாய், தூக்கம் என்று முக்கால் மணி நேரம் கேட்டார். "மாத்திரை விஷயத்துல நான் தலையிட மாட்டேனுங்க, அது உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும்" என்றார். அந்த வார்த்தைக்காகவே அங்கே தங்கினேன்.

ஊசி என்றதும் எனக்கும் பயம்தான். மருந்து ஏற்றும் ஊசி உள்ளே குழாயாக இருக்கும். இது கெட்டியான மெல்லிய கம்பி. எனக்குப் போட்டது கால் மில்லிமீட்டர் தடிமன். சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து ஒரு தட்டு, அவ்வளவுதான். போடும்போது பெரும்பாலும் வலிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் கனத்து மதமதவென்று ஆகும். சீன மருத்துவத்தில் அதை 'தே சி' என்கிறார்கள். அது வந்தால் புள்ளி சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தமாம். எனக்கு வழக்கமாகப் போட்ட புள்ளிகள் (எழுத்தும் எண்ணும் அவற்றின் குறியீடு): மணிக்கட்டு மடிப்பில் சுண்டு விரல் பக்கம் எச்.டி. 7, அதே மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே இரண்டு தசைநாண்களுக்கு நடுவே பி.சி. 6, பாதத்தில் எல்.வி. 3, புருவங்களுக்கு நடுவே யின்டாங். யின்டாங்கில் ஊசி இறங்கியதும் தாடை தானாகத் தளர்வதை முதல் நாளே உணர்ந்தேன். 25 நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். கழற்றும்போது ஊசிகளை எண்ணி எடுப்பார், எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் ஐந்து வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, அடுத்த மூன்று மாதம் வாரம் ஒரு முறை, அப்புறம் ஐந்து மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, இப்போது மாதம் ஒரு முறை. மொத்தம் 38 அமர்வு. ஒன்றுக்கு 400 ரூபாய் வீதம் 15,200 ரூபாய் ஆனது. முதல் நான்கு அமர்வில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஊசி போட்ட அன்று ராத்திரி மட்டும் நன்றாகத் தூங்குவேன். ஆறாவது வாரத்துக்கு மேல்தான் மற்ற நாட்களிலும் மூன்று மணி விழிப்பு குறைந்தது. தாடை வலி நான்காம் மாதம் போனது, திரும்பவே இல்லை. மனநல மருத்துவர் பதற்றத்தை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட ஜி.ஏ.டி-7 படிவம் தருவார். மொத்தம் 21 மதிப்பெண், கூடினால் பதற்றம் அதிகம். ஊசி ஆரம்பித்தபோது எனக்கு 16, மூன்றாம் மாதம் 11, இப்போது 6.

இதில் ஊசியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாத்திரையும் கூடவே ஓடியது, கவுன்சலிங்கும் போனேன். ஆய்வுகளில் தோலுக்குள் இறங்காத போலி ஊசியை வைத்தும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பல ஆய்வுகளில் போலி ஊசி போட்டவர்களுக்கும் பதற்றம் கணிசமாகக் குறைகிறது. அவற்றில் சிலவற்றில் உண்மையான ஊசிக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இருப்பதில்லை. போன் இல்லாமல் இருட்டறையில் 25 நிமிடம் படுத்திருப்பதே எனக்குப் பாதி மருந்து என்று நினைக்கிறேன். அது தெரிந்தும் போகிறேன், ஏனென்றால் வீட்டில் அந்த 25 நிமிடம் எனக்குக் கிடைப்பதே இல்லை. ஊசியால் மாறாததும் உண்டு. சரக்கு வாங்கும் பையரிடமிருந்து மெயில் வந்தால் மோசமானதையே கற்பனை செய்யும் பழக்கம் அப்படியே இருந்தது. கவுன்சலிங்கில்தான் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது.

இரண்டு சங்கடங்கள் வந்தன. ஒரு நாள் மதியம் சாப்பிடாமல் போய், ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் வியர்த்து மயக்கம் வந்துவிட்டது. உடனே எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் காலை உயர்த்திப் படுக்க வைத்தார். இன்னொரு முறை கையில் ரத்தம் கட்டி நான்கு நாள் நீலமாக இருந்தது. வெறும் வயிற்றில் போகாதீர்கள். உங்கள் கண் முன்னே சீல் உடைத்துப் புது ஊசி எடுக்கிறார்களா என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்தில் தவிர்க்கும் புள்ளிகள் சில உண்டு.

போன மாதம் மனநல மருத்துவர் மாத்திரையை 5 மி.கி. ஆக்கியிருக்கிறார். அவரே நாள் குறித்து, படிப்படியாகக் குறைக்கிறார். அக்குபஞ்சர் டாக்டரிடம் சொன்னதும், இந்த இரண்டு மாதம் மட்டும் மறுபடி பதினைந்து நாளுக்கு ஒரு முறை வரச் சொன்னார். அடுத்த அமர்வு வரும் சனிக்கிழமை. அன்று சாயங்காலம் ஒரு கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்புகிறது. அதை வேறொருவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.