தேயிலை மலையில் ரத்தசோகைச் சிகிச்சை: அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எட்டு மாதங்கள்

கோத்தகிரியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத் தொலைவில், இரண்டு தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பகுதி அரசு ஆரம்ப சுகாதார நிலையம். கடந்த எட்டு மாதங்களாக அங்கே ரத்தசோகைக்குச் சிகிச்சை பெற்று வருகிறேன். கைப்பேசியையும் பிரியாணியையும் மதிப்பிட்டு எழுதுவோர் நிறையப் பேர் இருக்க, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு (ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 53.4 விழுக்காடு) இருக்கும் ஒரு குறைபாட்டுக்கு அரசு தரும் சிகிச்சை எப்படி இருக்கிறது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்கு வயது 42. ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சிகிச்சை தொடங்கிய அன்று என் ஹீமோகுளோபின் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் பொருள்; அளவு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை கிராம் என்று) 7.8.

மலையில் இருப்பவர்களுக்கு இந்த நோய் தாமதமாகத்தான் பிடிபடுகிறது என்பது என் கருத்து. மூச்சு வாங்கினால் ஏற்றத்தின் மேல் பழி போடுகிறோம். கை கால் சில்லிட்டால் பனி என்கிறோம். வாயோரம் வெடித்தால் குளிர்காற்று, முடி கொட்டினால் தண்ணீர். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் அறுபத்திரண்டு படிகளில் முன்பு ஒரு முறைகூட நிற்காதவள், மூன்று இடங்களில் நின்று மூச்சு விடத் தொடங்கியபோதுகூட வயதாகிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன். அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மெல்லும் பழக்கம் வந்ததை என் மாமியார்தான் கவனித்தார். “கர்ப்பிணிப் பொண்ணு மாதிரி அரிசி திங்கிறியே, ரத்தம் கம்மியா இருக்கும், போய்ப் பாரு” என்று அவர் சொன்னது, பின்னால் மருத்துவர் சொன்னதோடு அப்படியே ஒத்துப்போயிற்று. இரும்புச் சத்துக் குறையும்போது அரிசி, மண், விபூதி போன்றவற்றின் மேல் ஆசை எழுவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட அறிகுறியாம்.

முதலில் நான் போனது அரசு நிலையத்துக்கு அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் போனேன். கண்ணிமையை இழுத்துப் பார்த்து, “ரத்தம் கம்மி” என்று சொல்லி ஒரு டானிக் எழுதித் தந்தார். சிவப்பாகவும் இனிப்பாகவும் இருந்த அந்த டானிக்கை மூன்று மாதங்களில் ஆறு பாட்டில் குடித்து முடித்தேன். எவ்வளவு குறைவு, ஏன் குறைந்தது, எங்கே போகிறது என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுகூட அங்கே கேட்கப்படவில்லை. ரத்தப் பரிசோதனையும் எடுக்கப்படவில்லை. படிகளில் நிற்கும் இடங்கள் மூன்றிலிருந்து நான்காயின.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் முதல் சிறப்பு, அங்கே கேள்விகள் கேட்கப்பட்டன என்பதே. ஓ.பி. சீட்டு வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்த எரிச்சல், மருத்துவர் கேட்கத் தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில் போய்விட்டது. மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா, மூலம் உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா, மூட்டு வலிக்கு அடிக்கடி மாத்திரை போடுவதுண்டா, தோட்டத்தில் வெறுங்காலோடு நடப்பதுண்டா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்வி கொக்கிப்புழுவுக்காக. அது காலின் தோல் வழியாக உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு. மழைக்காலத் தேயிலைத் தோட்டத்தில் காலில் ஏறும் அட்டைதான் என் ரத்தத்தைக் குடித்துவிட்டதாக என் பாட்டி கடைசிவரை நம்பினார். அட்டை குடிப்பது சில மில்லிதான், குடலுக்குள் கண்ணில் படாமல் இருக்கும் புழு மாதக் கணக்கில் குடிக்கும் என்று மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றே குடற்புழுவை நீக்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்றைக் கொடுத்து, சிரையிலிருந்து ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ரத்த அணுக்கள் சிறுத்தும் வெளிறியும் இருந்தன. உடனே இரும்பு மாத்திரையை நீட்டிவிடாமல், அரிவாள் செல் பரிசோதனையும் (ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்க்கானது) செய்துகொள்ளச் சொன்னதை இந்த மாவட்டத்துக்குரிய நல்ல வழக்கமாகக் கருதுகிறேன். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் மரபணு இருப்பது 1952இலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கூடலூரில் உள்ள ஆதிவாசி மருத்துவமனை பல ஆண்டுகளாக இந்நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. பரம்பரையாக வரும் வகைகளில் தேவையின்றி இரும்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது உடலில் தேங்கித் தீங்கு செய்யும். எனக்கு அது இல்லை என்று உறுதியான பிறகே மாத்திரை வந்தது.

மாத்திரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிவப்புப் பூச்சுடைய சிறு மாத்திரை. ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. காலை ஒன்று, இரவு ஒன்று. விலை இல்லை. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று மருந்தாளுநர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதைச் சொல்லாமல் விட்டதால் பயந்துபோய் மாத்திரையைக் குப்பையில் போட்ட இருவரை எனக்குத் தெரியும். ஒரு மாதம் போட்டு, மறு பரிசோதனைக்குப் போனபோது வந்த எண் 8.1. முறையாகப் போட்டிருந்தால் ஒரு மாதத்தில் ஏறக்குறைய இரண்டு கிராம் ஏறியிருக்க வேண்டும் என்றார் மருத்துவர். மாத்திரையே போலி என்று மனத்துக்குள் தீர்ப்பெழுதியபடி வெளியே வந்தேன்.

அப்போது ஊசி போடும் அறையிலிருந்த செவிலியர் என்னை நிறுத்தினார்.

“அக்கா, மாத்திரைய எதுல முழுங்குறீங்க?”

“டீயிலதான் சிஸ்டர். வெறும் தண்ணியில போட்டா குமட்டுது.”

“ரெண்டு வேளையும் டீயா?”

“ஆமாம், டீ குடிக்கும்போதுதான் ஞாபகம் வருது.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் குடலில் இரும்பைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. கட்டுண்ட இரும்பு உடலுக்குள் போகாமல் அப்படியே வெளியேறிவிடுகிறது. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே உணவோடு காபி குடித்தவர்களுக்கு உடல் இரும்பை உறிஞ்சுவது 39 விழுக்காடும், தேநீர் குடித்தவர்களுக்கு 64 விழுக்காடும் குறைந்திருந்தது என்பதைப் பின்னர் படித்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் உட்கார்ந்து, நாளொன்றுக்கு ஆறு கோப்பைத் தேநீர் குடித்து, அதிலேயே இரும்பு மாத்திரையையும் விழுங்கியவளின் ஹீமோகுளோபின் 0.3 ஏறியதே பெரிது. அந்த மாதத்தில் பத்துப் பன்னிரண்டு மாத்திரைகளை மறந்தும் போயிருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. எல்லாக் குற்றமும் தேநீரின் மேல் இல்லை.

செவிலியர் ஒரு காகிதத்தில் நேரம் போட்டுக் கொடுத்தார். காலையில் எழுந்ததும் மாத்திரை, அதோடு எலுமிச்சைச் சாறு கலந்த நீர் அல்லது ஒரு நெல்லிக்காய். அதன் பிறகு குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம், தேநீரோ காபியோ பாலோ கூடாது. கால்சியம் மாத்திரையையும் வாயுவுக்குப் போடும் மாத்திரையையும் இதோடு சேர்க்கக் கூடாது. சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். குடிப்பதானால் இரண்டு வேளை உணவுக்கு நடுவில். எழுந்ததும் தேநீர் இல்லாத முதல் பத்து நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்பதை என் கணவரைக் கேட்டால்தான் தெரியும்.

வயிற்றெரிச்சலும் மலச்சிக்கலும் இதற்குப் பிறகு கூடின. இரண்டாவது மாத முடிவில், ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மாத்திரைகளையும் காலையிலேயே போடும்படி மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். இரும்பு உள்ளே போனதும் ஈரலில் ஹெப்சிடின் என்ற ஒரு பொருள் சுரந்து, அடுத்த ஒரு நாளைக்கு இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடுகிறது. ஆகவே இடைவெளி விட்டால் போடுவதில் கூடுதல் பங்கு உள்ளே போகும், வயிறும் ஆறும் என்பது அவர் தந்த விளக்கம். எனக்கு இது நன்றாகவே ஒத்துக்கொண்டது.

உணவைப் பொறுத்தவரை இந்த நிலையத்தின் அறிவுரை பாதிதான் பயன்பட்டது. சுவரில் இருக்கும் படத்தில் முருங்கைக் கீரை பெரிதாக வரையப்பட்டிருக்கிறது. எங்கள் குளிரில் முருங்கை வராது, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் கட்டு இங்கு வந்து சேர்வதற்குள் பாதி பழுத்துவிடும். பக்கத்திலேயே பீட்ரூட் வரையப்பட்டிருக்கிறது. எங்கள் மலையில் விளையும் காய் என்பதால் எனக்கும் அதன் மேல் பற்று உண்டு. ஆனால் அதன் நிறம்தான் ரத்தச் சிவப்பு, 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. இங்கே வீட்டிலேயே இருக்கும் கேழ்வரகுக் களி, அவரைக் குழம்பு, தோட்டத்து ஓரத்தில் முளைக்கும் கீரைகள் ஆகியவற்றை எலுமிச்சையோடு சேர்த்துச் சாப்பிடுவது எப்படி என்பதை அந்தச் சுவர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அசைவம் சாப்பிடுவோருக்குச் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) என்று தனியே சொல்லத் தேவையில்லை; அதில் ஈரலைவிடப் பல மடங்கு இரும்பு உண்டு, இறைச்சியிலுள்ள இரும்பைத் தேநீரும் அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஞாயிறுதோறும் கறிக்கடைக்காரர் எனக்காக ஒன்று எடுத்து வைக்கிறார். வாரச்சந்தையில் ஒரு வார்ப்பிரும்புச் சட்டியும் வாங்கினேன். தக்காளியும் புளியும் சேரும் குழம்பில் சிறிது இரும்பு கரைந்து சேரும் என்பது உண்மையே. அதை மருந்தாக எண்ணாமல், நல்ல சட்டியாக எண்ணி வாங்கலாம்.

கசிவை அடைக்காமல் குடத்தை நிரப்ப முடியாதல்லவா? ஸ்கேன் எடுத்ததில் கருப்பையில் ஒரு சிறு நார்க்கட்டி தெரிந்தது. அறுவை தேவையில்லை என்றும், அதிகப் போக்கு உள்ள நாட்களில் மட்டும் போட ஒரு மாத்திரை போதும் என்றும் சொன்னார்கள். ஆறு பாட்டில் டானிக்கும் எங்கே போயின என்பதற்கு அங்கேதான் விடை கிடைத்தது.

எண்கள் வருமாறு ஏறின: தொடக்கத்தில் 7.8, முதல் மாதம் 8.1, தேநீரை நகர்த்திய இரண்டாம் மாதம் 9.9, மூன்றாம் மாதம் 11.4, ஐந்தாம் மாதம் 12.6. அந்த 12.6ஐப் பார்த்ததும் நான் மாத்திரையை நிறுத்திவிட நினைத்தேன். அறிக்கைத் தாளிலும் 12க்கு மேல் இயல்பு என்றே அச்சிட்டிருந்தது. மருத்துவர் விடவில்லை. அந்த 12 கடல்மட்டத்தில் வாழ்வோருக்கான எல்லை. காற்றில் ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் உயரத்தில் உடல் இயல்பாகவே கூடுதல் ஹீமோகுளோபினை வைத்துக்கொள்ளும் என்பதால், ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்களுக்கு அதோடு இன்னும் ஒரு கிராம் அளவுக்குச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். கோயம்புத்தூரில் சரியாக இருக்கும் எண் கோத்தகிரியில் குறைவாக இருக்கலாம் என்பது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. மேலும், ரத்தத்தில் ஏறிய பிறகும் உடலின் சேமிப்பு நிரம்ப மூன்று மாதங்கள் ஆகும் என்று தொடரச் சொன்னார். எட்டாம் மாதமான இப்போது 13.3. அறுபத்திரண்டு படிகளையும் காய்கறிப் பையோடு நிற்காமல் ஏறுகிறேன். பச்சரிசி ஆசை மூன்றாம் மாதமே போய்விட்டது.

குறைகளும் உண்டு. சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை அங்கே இல்லை. வெளியே பணம் கொடுத்துத்தான் இரு முறை எடுத்தேன் (முதலில் 6, இப்போது 38). ஆய்வகம் வாரத்தில் இரண்டு நாட்கள்தான் இயங்குகிறது, அதைச் சொல்லும் பலகை எங்கும் இல்லை. ஒரு மாதம் மாத்திரை இருப்பு இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். தேநீரைப் பற்றி அந்தச் செவிலியர் கேட்டதற்கு அவருடைய அக்கறைதான் காரணம். மாத்திரை உறையில் அப்படி ஒரு வரியும் இல்லை. அவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் நான் இன்னும் தேநீரில்தான் விழுங்கிக்கொண்டிருப்பேன். நிலையத்தின் வாசலிலேயே ஒரு தேநீர்க் கடை இருப்பதையும், வெளியே வரும் பெண்களில் பலர் அன்றைய முதல் மாத்திரையை அங்கேயே போடுவதையும் நானே பார்த்திருக்கிறேன்.

போவதானால் காலை எட்டரைக்குள் சீட்டு வாங்கிவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் தோட்டத்துக் கூட்டம் சேர்ந்துவிடும். பழைய பரிசோதனைத் தாள்களையும், இப்போது போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் இந்த வரிசையில் நிற்க வேண்டாம். நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, இந்த நிலையத்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். ஃபெரிட்டின் பரிசோதனை வந்தால் மீதி ஒன்றையும் தந்துவிடுவேன்.