யு.சி.எஸ்.சி. ஜீனோம் பிரவுசர்: மனித ஜீனோமை அதன் உண்மையான அளவில் காட்டும் இலவசத் தளம்

மரபணு, குரோமோசோம், ஜீனோம் (ஓர் உயிரினத்தின் முழு மரபுத் தொகுதி) ஆகிய மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று எப்படி அமைந்துள்ளன என்பதைப் பாடநூல் படங்களால் ஓரளவுக்கு மேல் காட்ட முடிவதில்லை. தாளில் வரையும்போது அளவு விகிதம் கெட்டுவிடுகிறது. குரோமோசோமின் நீளம் முழுவதும் மரபணுக்கள் இடைவெளியின்றி நெருங்கி நிற்பதாகவே மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்தப் பிழையான எண்ணத்தைச் சில நிமிடங்களில் திருத்தக்கூடிய கருவி என்று நான் உறுதியாகப் பரிந்துரைப்பது, அமெரிக்காவின் சாண்டா குரூஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் (யு.சி.எஸ்.சி.) நடத்தும் ஜீனோம் பிரவுசர் என்ற இணையதளம். இதைப் பயன்படுத்தக் கட்டணமில்லை. கணக்குத் தொடங்காமலேயே பெரும்பாலான வசதிகளைப் பெறலாம். உயிரியல், உயிர்தொழில்நுட்ப மாணவர்களையும் அவர்களுக்குக் கற்பிப்பவர்களையும் மனத்தில் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இத்தளம், மனித டிஎன்ஏவின் எழுத்து வரிசையை வாசித்த மனித ஜீனோம் திட்டத்தின் வரலாற்றோடு நேரடியாகப் பிணைந்தது. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொதுத்துறை ஆய்வகங்களின் கையில் இருந்தவை இலட்சக்கணக்கான டிஎன்ஏ துண்டுகளே. அவற்றை வரிசைப்படுத்தி இணைக்கும் நிரல் முழுமை பெற்றிருக்கவில்லை. கிரேக் வென்டரின் செலேரா நிறுவனம் அதே பணியைத் தனியாகச் செய்துகொண்டிருந்த நிலையில், டேவிட் ஹவுஸ்லரின் குழுவில் ஆய்வு மாணவராக இருந்த ஜிம் கென்ட் சில வாரங்களில் அந்த நிரலை எழுதி முடித்தார். இணைக்கப்பட்ட முதல் வரைவு 2000 ஜூலை 7 அன்று எவரும் பதிவிறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வெளியிடப்பட்டது. வெறும் எழுத்துக் குவியலாக இருந்த அந்த வரிசையைக் கண்ணால் பார்ப்பதற்காகக் கென்ட் உருவாக்கியதுதான் இந்தப் பிரவுசர். மனிதரின் மரபுத் தகவல் யாருடைய தனிச்சொத்தும் ஆகக்கூடாது என்ற நிலைப்பாடு இத்தளத்தில் இன்றும் தொடர்கிறது என்பதை அதன் தகுதிகளில் முதலாவதாகவே நான் கருதுகிறேன்.

தளத்தின் பயனை உணர, ஒரே ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டு உள்ளே போவதுதான் சிறந்த வழி. நான் எப்போதும் தேர்ந்தெடுப்பது எச்.பி.பி. என்ற மரபணு, ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான தகவல் இதில்தான் உள்ளது. ஒப்பீட்டுக்கு அடிப்படையான மனித ஜீனோம் வரிசைகளில் எச்ஜி38 என்ற தொகுப்பைத் தேர்ந்தெடுத்து இப்பெயரைத் தேடினால், 11-ஆம் குரோமோசோமில் 5,225,464 முதல் 5,227,071 வரையுள்ள பகுதி திரையில் விரியும். மேலே குரோமோசோமின் வரைபடமும், அதில் சாயமேற்றும்போது தோன்றும் கருமை, வெண்மைப் பட்டைகளும், குறுகிய கரத்தின் நுனியருகே நாம் நிற்கும் இடத்தைக் குறிக்கும் சிவப்புக் கோடும் தெரியும். இந்தக் குரோமோசோமின் நீளம் 13.5 கோடி கார இணைகள் (டிஎன்ஏவின் இரு இழைகளிலும் எதிரெதிரே இணைந்து நிற்கும் எழுத்துகள்); நாம் பார்க்கும் மரபணுவின் நீளமோ 1,608. அதாவது குரோமோசோமின் ஏறக்குறைய 84,000-இல் ஒரு பங்கு. முழுக் குரோமோசோமும் தெரியும்படி காட்சியை விரித்துவிட்டு இந்த மரபணுவைத் தேடச் சொன்னால், திரையில் அதற்கு ஒரு புள்ளி அளவு இடம்கூட இல்லை என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள்.

மறுபடியும் மரபணுவுக்கு நெருங்கி வந்தால் அதன் உள்ளமைப்பு தெளிவாகிறது. தடித்த பெட்டிகள் எக்சான்கள், அதாவது இறுதிச் செய்தியில் எஞ்சும் பகுதிகள். இரு முனைகளிலும் பெட்டி மெலிந்திருக்கும் இடங்கள் புரதமாக மொழிபெயர்க்கப்படாத பகுதிகள். பெட்டிகளை இணைக்கும் மெல்லிய கோடுகள் இன்ட்ரான்கள், அதாவது இடையிலிருந்து வெட்டி நீக்கப்படுபவை. மூன்று எக்சான்களும் சேர்ந்து 628 காரங்கள்தான். இரண்டாவது இன்ட்ரான் மட்டுமே 850. வெட்டி நீக்கப்படும் பகுதி, எஞ்சி நிற்கும் செய்தியைவிடப் பெரியது என்பது இங்கே கணக்காகவும் காட்சியாகவும் நிற்கிறது. (இதுவும் போதாதென்றால் எக்ஸ் குரோமோசோமிலுள்ள டி.எம்.டி. மரபணுவைத் திறந்து பாருங்கள். 79 எக்சான்கள் சுமார் 22 இலட்சம் கார இணைகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும்.)

இன்னும் நெருங்கி, ஒவ்வொரு எழுத்தும் தெரியும் நிலைக்கு வந்தால், முதல் எக்சானில் 5,227,002-ஆம் இடத்தைப் பார்க்க வேண்டும். கதிர் அரிவாள் இரத்த சோகைக்குக் காரணமான ஒற்றை எழுத்து மாற்றம் நிகழ்வது இங்கேதான். பாடநூல் ஜி-ஏ-ஜி என்ற மும்மை (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) ஜி-டி-ஜி ஆக மாறுவதாகவும், அதனால் குளுட்டமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் வருவதாகவும் சொல்கிறது. திரையிலோ சி-டி-சி என்று இருக்கும். இந்த மரபணு எதிர் இழையில் எழுதப்பட்டிருக்கிறது. இன்ட்ரான் கோட்டிலுள்ள சிறிய அம்புகள் இடப்பக்கம் நோக்கியிருப்பதே அதற்கான குறி. காட்சியைத் திருப்பும் பொத்தானை அழுத்தினால் ஜி-ஏ-ஜி தோன்றிவிடும். டிஎன்ஏவின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் வாசிக்கப்படுகின்றன என்று மனப்பாடம் செய்த ஒருவருக்கு, அந்த விதி ஏன் முக்கியம் என்பது இந்த ஒரு பொத்தானில் விளங்கிவிடுகிறது.

கூடவே இன்னொரு குழப்பத்துக்கும் ஆயத்தமாக வேண்டும். மருத்துவ நூல்கள் இம்மாற்றத்தை 6-ஆவது அமினோ அமிலத்தில் வைக்கின்றன. நோய் சார்ந்த மாற்றங்களைத் தொகுக்கும் கிளின்வார் தடம் (தடம் என்பது திரையில் ஒருவகைத் தரவைக் காட்டும் வரி) 7 என்கிறது. தொடக்கத்திலுள்ள மெத்தியோனின் புரதம் உருவான பின் நீக்கப்படுகிறது; பழைய எண்முறை அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, புதிய முறை சேர்க்கிறது. இரண்டும் ஒன்றே என்று ஆசிரியர் முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது.

இந்த மரபணுவை நான் வலியுறுத்துவதற்கு நம் நிலம் சார்ந்த காரணமும் உண்டு. இந்தியாவில் கதிர் அரிவாள் தன்மை முதன்முதலாக அறியப்பட்டது நீலகிரியின் பழங்குடி மக்களிடையேதான். லெஹ்மன், கட்புஷ் ஆகிய இருவரும் 1952-இல் அதைப் பதிவு செய்தனர். இந்நோயை 2047-க்குள் ஒழிக்கும் இலக்குடன் தேசியத் திட்டம் ஒன்று 2023 ஜூலையில் தொடங்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு (பீட்டா சங்கிலி குறைவதால் வரும் இரத்த சோகை) மிகப் பரவலான காரணமாக உள்ள மாற்றமும் இதே மரபணுவில்தான் இருக்கிறது. அது எக்சானில் அல்ல, முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்தில் ஜி என்பது சி ஆக மாறுவது. எந்த அமினோ அமிலத்தையும் நேரடியாக மாற்றாத ஓர் எழுத்து, வெட்டி ஒட்டும் இடத்தைக் குழப்புவதன் மூலம் புரத உற்பத்தியையே குறைத்துவிடுகிறது. இரண்டு நோய்களையும் ஒரே திரையில் அருகருகே காட்ட முடிவது கற்பித்தலுக்குப் பெரும் வாய்ப்பு.

இனி காட்சியைச் சற்று விரித்து, சுமார் எழுபதாயிரம் கார இணைகள் தெரியும்படி வைத்தால், இத்தளத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி தொடங்குகிறது. பீட்டாவுக்கு வலப்பக்கத்தில் டெல்டா, இரண்டு காமா, எப்சிலான் என்று குளோபின் மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. வலமிருந்து இடமாகப் பார்த்தால், கருவின் தொடக்க நாள்களில் இயங்கும் எப்சிலான் முதலிலும், கருப்பையில் வளரும் காலத்தில் இயங்கும் காமா இடையிலும், பிறந்த பின் இயங்கும் பீட்டா கடைசியிலும் இருக்கும். இயங்கும் காலமும் அமைந்த இடமும் ஒரே வரிசையில் செல்கின்றன. எப்சிலானுக்கும் அப்பால், மரபணு ஏதுமற்ற இடத்தில், டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மாற்றங்களைக் காட்டும் என்கோட் தடத்தில் மேடுகள் எழுந்து நிற்கும். இரத்தச் செல் வழிவந்த கே562 செல்களில் அவை தெளிவாகத் தெரியும். இந்த மரபணுக் குடும்பம் முழுவதையும் ஆளும் கட்டுப்பாட்டுப் பகுதி அதுதான். அதன் கீழே, நூறு முதுகெலும்பிகளின் ஜீனோம்களை ஒப்பிட்டுக் கணக்கிட்ட தடத்தில், எக்சான்கள் உள்ள இடங்கள் உயர்ந்து காணப்படும். பல கோடி ஆண்டுப் பரிணாமத்தில் மாறாமல் காக்கப்பட்டவை எவை என்பதற்கு அது சான்று.

இதே முறையில் 2-ஆம் குரோமோசோமிலுள்ள பி.சி.எல்.11ஏ மரபணுவையும் பார்க்கலாம். காமா குளோபினை அடக்கி வைப்பது இதன் வேலை. இதன் இரண்டாவது இன்ட்ரானுக்குள் இரத்தச் சிவப்பணு முன்னோடிச் செல்களில் மட்டும் செயல்படும் ஊக்கப் பகுதி ஒன்று இருக்கிறது. கதிர் அரிவாள் நோய்க்காக 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற காஸ்ஜெவி என்ற கிறிஸ்பர் (டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் முறை) சிகிச்சை வெட்டுவது அந்தப் பகுதியைத்தான். பிழையுள்ள பீட்டா மரபணுவைத் தொடாமல், வேறொரு குரோமோசோமின் இன்ட்ரான் ஒன்றைச் சிதைத்துக் கருநிலை ஹீமோகுளோபினை மீண்டும் இயங்கச் செய்கிறார்கள். இன்ட்ரான்களைப் பயனற்ற இடைவெளி என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் கையேடுகளுக்கு இதைவிட வலுவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

துணைக் கருவிகளில் இரண்டு போதும். பிளாட் என்பதில் ஒரு டிஎன்ஏ வரிசையை ஒட்டினால் அது ஜீனோமில் எங்கே பொருந்துகிறது என்று சில நொடிகளில் சொல்லிவிடும். டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனைக்கு வடிவமைத்த பிரைமர் இணையை (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளை) உள்ளிட்டால், எந்த இடம், எத்தனை நீளம் பெருக்கப்படும் என்பதை முன்கூட்டியே காட்டும் கருவியும் உண்டு. ஆய்வகச் செலவைக் குறைக்க விரும்பும் கல்லூரிகள் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

குறைகளும் உள்ளன. முதல் பார்வையில் தளம் மிரட்டும். தடங்களின் பட்டியல் பக்கம் பக்கமாக நீளும். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் புதியவர் வெளியேறிவிட வாய்ப்புண்டு. எல்லாவற்றையும் மறைக்கும் பொத்தானை முதலில் அழுத்திவிட்டு, ஜென்கோட் மரபணுத் தடத்தையும் உயிரின ஒப்பீட்டுத் தடத்தையும் மட்டும் திறந்து தொடங்குமாறு சொல்வேன். கைப்பேசியின் சிறிய திரைக்கு இது ஏற்றதல்ல. கலிபோர்னிய முகவரிக்குப் பதில் ஜப்பானிலிருந்து இயங்கும் ஆசியப் பிரதியையும் முயன்று பார்க்கலாம்.

எண்களில் கவனம் அவசியம். எச்ஜி38-இல் 5,227,002 என்று உள்ள அதே எழுத்து, 2009-ஆம் ஆண்டின் எச்ஜி19 தொகுப்பில் 5,248,232 ஆகும். பழைய கட்டுரைகளும் பல ஆய்வக அறிக்கைகளும் இன்றும் எச்ஜி19 எண்களையே தருகின்றன. தொகுப்பின் பெயர் சொல்லாத எண்ணுக்குப் பொருளில்லை. திரையில் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்க, தரவிறக்கும் பெட் வகைக் கோப்புகளில் சுழியத்திலிருந்து தொடங்குகிறது என்பதும் இடறச் செய்யும் இடம்.

எச்ஜி38 முழுமையானதும் அல்ல. ஒய் குரோமோசோமின் பாதிக்கு மேல் அதில் எழுத்தறியாத வெற்றிடம்தான். 2022-இல் வெளியான டி2டி தொகுப்பு ஏறக்குறைய 20 கோடி கார இணைகளைப் புதிதாகச் சேர்த்து, குரோமோசோம்களின் இடுக்கமான பகுதிகளான சென்ட்ரோமியர்களையும் நிரப்பியது. ஒய் குரோமோசோம் 2023-இல் முழுமையானது. அத்தொகுப்பும் இத்தளத்தில் கிடைக்கிறது; ஆனால் மருத்துவத் தரவுகள் பெரும்பாலும் எச்ஜி38-ஐ ஒட்டியே இருப்பதால், கற்கத் தொடங்குவோர் அதிலேயே இருப்பது நல்லது.

ஐரோப்பாவின் என்செம்பிள் தளம் இதற்கு நேரான மாற்று. ஒரு மரபணுவின் வெவ்வேறு ஆர்என்ஏ வடிவங்களை அட்டவணையாகப் பார்ப்பதற்கு அதையே நான் நாடுவேன். பல வகைச் சான்றுகளை ஒரே இடத்தில் மேலும் கீழுமாக அடுக்கிப் பார்க்க யு.சி.எஸ்.சி.தான் வசதி. தம்முடைய பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இத்தளத்தில் நோயைத் தேடுவது மட்டும் கூடாது; அதற்கு மரபியல் ஆலோசகரே வழி.

நாம் இங்கே பார்க்கும் மேற்கோள் ஜீனோமின் சுமார் எழுபது விழுக்காடு, அமெரிக்காவின் பஃபலோ நகரில் தன்னார்வமாக இரத்தம் கொடுத்த ஒரே ஒருவருடையது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதிலிருந்து விலகுவதெல்லாம் பிழை அல்ல. மாற்றங்கள் மக்களிடையே எவ்வளவு பரவலானவை என்று காட்டும் நோமாட் தடத்தில் தெற்காசியருக்கான பிரிவு தனியாக உண்டு. ஆனால் நம்முடைய நூற்றுக்கணக்கான அகமணச் சமூகங்களின் வேறுபாட்டை அது தாங்காது. ஜீனோம் இந்தியா திட்டம் பத்தாயிரம் பேரின் ஜீனோம்களை வாசிக்கும் இலக்குடன் தொடங்கி, அத்தரவை ஃபரீதாபாத்திலுள்ள தரவு மையத்தில் வைத்து விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆய்வாளர்களுக்கு வழங்குகிறது. அதிலிருந்து தனிநபர் அடையாளம் வெளிப்படாத மாற்ற விகிதங்களையாவது இத்தளத்தில் ஒரு பொதுத் தடமாகச் சேர்த்தால், கூடலூரிலும் கோத்தகிரியிலும் பணிபுரியும் மருத்துவர் ஒருவர் தம் நோயாளியிடம் கண்ட மாற்றம் அரியதா, இப்பகுதியில் வழக்கமானதா என்பதை அங்கேயே சரிபார்த்துக்கொள்ள முடியும்.