விளக்குமாறா, புளோயரா, கம்ப்ரசரா? மரம் அறுக்கும் வண்டியின் தூள் பஞ்சாயத்து

வாள்பட்டறைக்கு மரத்தை ஏற்றிப்போவது பழைய வழக்கம். எங்களுடையது மரம் கிடக்கிற இடத்துக்கே போகிற பேண்ட் மெஷின். வளையமான நீள வாள் (பேண்ட் பிளேடு) இரண்டு வீலில் சுற்ற, அந்தத் தலை தண்டவாளத்தின் மேல் நகர்ந்து கட்டையை அறுக்கும். டிராக்டர் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போனால், மேலூர்ப் பக்கம் புளி, வாடிப்பட்டித் தோப்பில் தென்னை, உசிலம்பட்டிக் காட்டில் வேம்பு என்று கூப்பிட்ட இடத்தில் நிறுத்தி அறுத்துக் கொடுத்துவிட்டு வரலாம். ஒரே ஒரு குறை. பட்டறையில் தூள் விழத் தனியாகக் குழி இருக்கும். எங்களுக்கு அது விழுகிற இடமே மெஷின்தான்.

எவ்வளவு தூள் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேண்ட் பிளேடின் கனம் ஒரு மில்லிமீட்டர்தான். பற்களை இரண்டு பக்கமும் விரித்து வைத்திருப்பதால் அது போகிற வழியில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் மரத்தைத் தின்றுவிடும். 2 மீட்டர் நீளம், ஓரடி அகலத்துக்கு ஒரு ஓட்டம், அதாவது பிளேடை ஒருமுறை விட்டு அறுத்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் மரம் தூளாகிறது. தூளானதும் அது மூன்று மடங்காகப் பொங்கும். பத்து ஓட்டத்துக்கு 15 லிட்டர் எண்ணெய் டின்னில் மூன்று நிறைந்துவிடும். பெரும்பகுதி தூள் போகிற வாய் வழியாக வெளியே கொட்டிவிடும். உள்ளே தங்குகிற மிச்சத்தோடுதான் நம் மல்லுக்கட்டு. அதை எதை வைத்துச் சுத்தம் செய்வது என்பதுதான் பஞ்சாயத்து.

முதலில் தென்னங்குச்சி விளக்குமாறு, எங்கள் ஊர்ப் பேச்சில் சீமாறு. சிரிக்காதீர்கள், தண்டவாளத்துக்கு இதை அடிக்க எதுவும் இல்லை. தண்டவாளத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூள் அமுங்கிக் கிடந்தாலும் பிளேடு இருக்கிற தலை அந்த இடத்தில் ஏறி இறங்கும், பலகையின் கனம் அங்கே மாறிப்போகும். நம் கண்ணுக்குத் தெரியாது. பலகையை வாங்கிப்போன ஆசாரி இழைப்புளி பிடிக்கும்போது தெரியும், மறுநாள் போன் வரும். கட்டையைக் கிடத்துகிற படுக்கையிலும் அதே கதைதான். பட்டையும் சிராயும் அடியில் சிக்கினால் கட்டை ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், பலகை ஆப்பு மாதிரி வரும். உலோகத்தில் அமுங்கிப்போன தூளைக் குச்சிமுனை கீறி எடுக்கிற மாதிரி காற்று எடுப்பதில்லை.

அதிலும் ஈரத்தூள் என்றால் காற்றடிக்கும் கருவிகள் எல்லாம் கையை விரித்துவிடும். வேம்பும் மாவும் அறுக்கும்போது பிளேடில் பிசின் ஏறாமல் இருக்க, பாத்திரம் கழுவுகிற சோப்பு ரெண்டு சொட்டுக் கலந்த தண்ணீரைச் சொட்டவிடுவோம். அந்த ஈரத்தில் தூள் புட்டுக்குப் பிசைந்த மாவு மாதிரி ஆகி, வீலிலும் மூடிக்குள்ளும் அப்பிக்கொள்ளும். வீலில் ஒரு பக்கம் அப்பினால் பிளேடு ஆட ஆரம்பிக்கும். ஒருநாள் வீலைவிட்டே கழன்றுவிடும். இதற்கு பெயிண்டர் வைத்திருக்கிற பட்டித்தகடும் பழைய பெயிண்ட் பிரஷும்தான். பிளேடு விலகாமல் பிடித்துக்கொள்கிற கைடு ரோலர் இடுக்குக்குப் பல் தேய்க்கிற பழைய பிரஷ். (தண்ணீருக்குப் பதில் டீசல் சொட்டவிடுகிறவர்களும் உண்டு. பிசின் ஏறாதுதான். ஆனால் வீலில் போட்டிருக்கிற ரப்பர் பெல்ட் ஊறிப்போகும், தூள் முழுக்க எண்ணெய் வாடை. மாட்டுத்தொழுவத்துக்குக் கேட்டால் எப்படிக் கொடுப்பது?)

சீமாறின் குறை நேரம்தான். மெஷின் முழுக்கக் கூட்டி முடிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆகிறது. பேட்டரியில் ஓடிக் காற்றை ஊதுகிற புளோயரில் ஐந்தே நிமிஷம். காய்ந்த தேக்குத் தூள், காய்ந்த புளியந்தூள் என்றால் ஒரே வீச்சில் மெஷின் பளிச்சென்று ஆகிவிடும். போன வருஷம் ஒன்று வாங்கி, மூன்று மாதம் சீமாறைத் தொடவே இல்லை.

அப்புறம் ஆடி வந்தது. மேற்கேயிருந்து அடிக்கிற காற்றைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு களத்து ஓரமாக மெஷினைப் போட்டு வேம்பு அறுத்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் நான் புளோயரைத் தூக்கிய ரெண்டாவது நிமிஷம், களத்தில் வத்தல் காயப்போட்டிருந்த அப்பத்தா எழுந்து வந்துவிட்டார்.

"ஏப்பா, வத்தலக் காயப்போட்டுருக்கது கண்ணுக்குத் தெரியலையா? ஒம் மெசின் சுத்தமாகணும்னா எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுவியா?"

மண் இல்லை அப்பத்தா, மரத்தூள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு மணி நேரம் நானும் தம்பியும் உட்கார்ந்து வத்தலைப் புடைத்துக் கொடுத்தோம்.

புளோயரின் குணமே அதுதான். அது தூளை எடுப்பதில்லை, இடம் மாற்றுகிறது. மெஷினுக்குள்ளேயே இது ஒரு தொல்லை. தண்டவாளப் பக்கமிருந்து ஊதினால் தூள் நேரே இன்ஜின் மேல் போய்ப் படியும். காற்றில் குளிர்கிற பெட்ரோல் இன்ஜினுக்கு மேலே இருக்கிற இறக்கைத் தகடுகள் அடைத்துக்கொண்டால் சூடு ஏறிவிடும். சைலன்சர் மேல் விழுந்த தூள் கங்காகப் புகையும். அதனால் இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, இன்ஜினிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாகவே ஊத வேண்டும். வேலை முடிந்த சூட்டோடு தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கமும் வேண்டாம்.

கம்ப்ரசரை விரும்புகிறவர்கள் புளோயரையே பொம்மை என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். பஞ்சர்க்கடையில் இருப்பது போன்ற கம்ப்ரசரை வாடகைக்கு எடுத்து, கைடு ரோலருக்கு நேராக வைத்து அடித்தேன். தூள் போனது, உண்மை. எங்கே போனது என்பது பத்து நாள் கழித்து பேரிங் கீச்சென்று கத்தியபோதுதான் தெரிந்தது. பேரிங்கை மூடியிருக்கிற ரப்பர் மூடியை மீறி நுண்தூள் உள்ளே போய், கிரீஸோடு சேர்ந்து களிமண்ணாகிவிட்டது. பேரிங் மாற்ற அரைநாள் வேலை போனது. கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து வேறு. சுத்தம் செய்யப் பயன்படுத்தும் காற்றின் அழுத்தம் 30 பிஎஸ்ஐக்கு (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்கிற அதே அளவு) மேல் போகக்கூடாது என்பது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி. பஞ்சர்க்கடை கம்ப்ரசர் சாதாரணமாக 100ஐத் தாண்டும். இன்ஜின் இறக்கைத் தகடுகளுக்கு மட்டும், அழுத்தத்தைக் குறைத்து, தள்ளி நின்று அடிக்கலாம். வேறெதற்கும் அதை நான் தொடுவதில்லை.

உறிஞ்சுகிற வேக்கம் இந்த வரிசையில் தனி. மற்றவை தூளைத் தள்ளுகின்றன, இது ஒன்றுதான் எடுத்துக்கொண்டு போகிறது. மரத்தூள் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. வாகை அறுக்கிற அன்று தும்மித் தும்மி மூக்கு சிவந்தவனுக்குத் தூளின் குணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகைக்குள் மெஷின் போடுகிறீர்கள் என்றால் யோசிக்காமல் வேக்கம்தான். ஆனால் நடுக்காட்டில் கரண்டுக்கு எங்கே போவது? 30 லிட்டர் டிரம் ஏழு ஓட்டத்துக்குள் நிறைந்துவிடும். தென்னை அறுத்தால் நார் நாராக வந்து குழாயை அடைக்கும். ஈரத்தூளுக்கோ கேட்கவே வேண்டாம். எங்கள் வேலைக்கு அது தோது இல்லை. முகத்தில் என்95 மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு சீமாறைத்தான் எடுக்கிறேன்.

வண்டி கழுவுகிற பிரஷர் பம்பை மெஷின் மேல் அடிப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். பேரிங்கிலும் ஒயரிங்கிலும் தண்ணீர் ஏறும், ஈரத்தூள் ஒட்டிய இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும். தேக்கோ கருவேலோ ஈரமாக அந்த இரும்பைத் தொட்டால் பலகையில் கருநீலக் கறை விழும். ஆசாரி மறுபடி போன் போடுவார்.

இவ்வளவு சண்டைக்கும் முன்னால் செய்யக்கூடியவை சில உண்டு, செலவும் கிடையாது. தூள் போகிற வாய் காற்றுப் போகிற திசையைப் பார்க்கிற மாதிரி மெஷினை நிறுத்துவது. கட்டையை ஏற்றும் முன் மண் ஒட்டிய பட்டையை அரிவாளால் சீவிவிடுவது. ரோட்டோரப் புளி என்றால் விளம்பரப் பலகை அடித்த ஆணி எத்தனை இருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும், காந்தத்தை வைத்துத் தடவிப் பார்ப்பது. வீலை உரசுகிற மாதிரி பழைய பெல்ட் துண்டு ஒன்றை மூடிக்குள் பொருத்தினால், அப்புகிற தூளை அதுவே வழித்துவிடும். கீழே ஒரு பழைய தார்ப்பாய்.

இந்தத் தார்ப்பாய்தான் என்னை மறுபடி சீமாறுக்கே கொண்டுவந்து விட்டது. கூட்டித் தள்ளிய தூள் அதில் சுத்தமாகச் சேருகிறது, நாலு மூலையையும் பிடித்துத் தூக்கினால் சாக்குக்குள் போய்விடும். புளோயர் இப்போது நாள் முடிவில், காற்று ஓய்ந்த நேரத்தில், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் மட்டும்.

போன மாதம் அதே களத்துப் பக்கம் மறுபடி வேலை வந்தது. அப்பத்தா தூரத்திலேயே பார்த்துவிட்டு, கையில் ரெண்டு சாக்கோடு வந்தார். வீட்டில் இன்னும் மரத்தூள் அடுப்பு ஓடுகிறதாம்.

"அந்த ஊதுற மெசின வெளிய எடுக்காத. காஞ்சதாப் பாத்து அள்ளிப் போடு."