பாளையங்கோட்டை வழக்கு விவாத வகுப்பு: கொடுக்கும் 300 ரூபாய்க்குத் தகுமா?

பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய தெருவொன்றில், ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில், மாதம் ஒரு சனிக்கிழமை மாலை வழக்கு விவாத வகுப்பு நடைபெறுகிறது. ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் நடுவராக இருந்து அதை நடத்துகிறார். தீர்ப்பாகி முடிந்துபோன கொலை வழக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, வந்திருப்பவர்களை அரசுத் தரப்பு, எதிரித் தரப்பு (குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம்) என்று இரண்டாகப் பிரித்து, மூன்று மணி நேரம் வாதிட வைப்பதே வகுப்பின் முறை. கட்டணம் 300 ரூபாய். வழக்கு விவரக் குறிப்பேடும் கருப்பட்டிக் காப்பியும் முறுக்கும் அதில் அடக்கம். சட்டக் கல்லூரி மாணவர்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும்தான் பெரும்பாலும் வருகிறார்கள். நான் சென்ற மாலையில் எடுத்துக்கொள்ளப்பட்டது இங்கிலாந்தின் ஜெரமி பாம்பர் வழக்கு.

அவ்வழக்கைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985 ஆகஸ்ட் 7 அதிகாலையில், எசெக்ஸ் பகுதியில் உள்ள ஒரு பண்ணை வீட்டில், ஜெரமியின் வளர்ப்புப் பெற்றோரான நெவிலும் ஜூனும், அவர்களுடைய வளர்ப்பு மகள் ஷீலாவும், ஷீலாவின் ஆறு வயது இரட்டை ஆண் குழந்தைகளும் சுடப்பட்டு இறந்து கிடந்தனர். மொத்தம் 25 குண்டுகள். ஷீலாவின் உடல்மீது துப்பாக்கி கிடந்தது. அவர் மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தவர். வீடு உள்ளிருந்து பூட்டப்பட்டிருந்தது. ஷீலா துப்பாக்கியோடு வெறிபிடித்து நிற்பதாகத் தந்தை தொலைபேசியில் தமக்குச் சொன்னார் என்று காவல்துறைக்குத் தகவல் கொடுத்தவர் சில மைல் தொலைவில் தனியே வசித்த வளர்ப்பு மகன் ஜெரமி. அப்போது அவருக்கு வயது 24. குடும்பத்தைக் கொன்றுவிட்டு ஷீலா தற்கொலை செய்துகொண்டார் என்றே காவல்துறை முதலில் நம்பியது. ஒரு மாதம் கழித்து ஜெரமியின் காதலி காவல் நிலையம் சென்று, கொலைத் திட்டத்தை அவர் தம்மிடம் சொல்லியிருந்ததாக வாக்குமூலம் அளித்தார். 1986 அக்டோபர் 28 அன்று செம்ஸ்போர்டு நீதிமன்றத்தில் பத்துக்கு இரண்டு என்ற ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) வாக்கில் ஜெரமி குற்றவாளி ஆனார். சாகும்வரை சிறை என்பது பின்னாளில் உறுதியாயிற்று. இன்றுவரை அவர் குற்றத்தை மறுத்து வருகிறார்.

வகுப்பின் முதல் குறையை இங்கேயே சொல்ல வேண்டும். மேற்கண்ட விவரங்களைக் குறிப்பேட்டிலிருந்து படித்துக் காட்டினாலே போதும். ஆனால் சோக இசை சேர்த்த காணொளி ஒன்றை முதலில் திரையில் ஓட்டுகிறார்கள். அதில் ஜெரமியின் முகம் வரும்போதெல்லாம் இசை இருண்டுவிடுகிறது. வாதம் தொடங்குவதற்கு முன்பே பாதி அறை தீர்ப்பு எழுதிவிட்டது. எவரையும் எந்த முடிவுக்கும் தள்ளமாட்டோம் என்று அறிமுகத்தில் சொல்லிவிட்டு இப்படிச் செய்வது முறையன்று.

காணொளி முடிந்தபின் நடப்பது முற்றிலும் வேறு தரம். ஒவ்வொருவரும் தம் மனத்திலுள்ள முடிவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு நேர்மாறான தரப்பில்தான் அவருக்கு இடம். ஜெரமிதான் கொன்றார் என்று எழுதிக் கொடுத்த எனக்கு எதிரித் தரப்பில் நாற்காலி கிடைத்தது. இவ்வகுப்பின் பெருமதிப்பு இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. தாம் நம்பாத ஒன்றை நேர்மையாக வாதிட வேண்டுமானால், எதிராளியின் சான்றுகளைக் குறிப்பேட்டில் ஒவ்வொரு வரியாகத் தேடித்தான் ஆக வேண்டும்.

அன்றைய மாலையின் பெரும்பகுதியைத் துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் எடுத்துக்கொண்டது, அது நியாயமும்கூட. வழக்கின் அச்சாணி அது. துப்பாக்கியில் சைலன்சரைப் பொருத்தினால் அதன் நீளம் கூடிவிடுகிறது. தம் தொண்டையில் தாமே சுட்டுக்கொள்ள ஷீலாவின் கை விசைக்கு எட்டாது. சைலன்சருக்குள் இருந்த இரத்தம் ஷீலாவின் இரத்த வகையோடு ஒத்துப்போனது. அதன்மீது ஒட்டியிருந்த வண்ணம் சமையலறை அடுப்புமேடையின் விளிம்பிலிருந்து வந்தது என்று அரசுத் தரப்பு சொன்னது. இத்தனைக்கும் அந்தச் சைலன்சர் துப்பாக்கியில் இருக்கவில்லை, அலமாரியில் இருந்தது. இறந்துபோன பெண் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வந்து மீண்டும் இறந்து கிடக்க முடியாது. இவ்வளவும் அரசுத் தரப்பில் இருந்த ஒரு மாணவி ஐந்து நிமிடத்தில் எடுத்து வைத்தார். அத்தனை தெளிவாக அதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அதற்கு எங்கள் தரப்பிலிருந்து பதில் சொன்னவர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருந்த வக்கீல் குமாஸ்தா. “அண்ணாச்சி, அந்தச் சாமானைக் கண்டெடுத்தது யாரு? போலீசா? இல்லையே, பங்காளியில்லா!” என்று அவர் கேட்டதும் அறை கலகலத்துவிட்டது. சிரிப்பு அடங்கியபின் எல்லோரும் குறிப்பேட்டைத் திருப்பினார்கள். சம்பவம் நடந்து மூன்று நாள் கழித்து, காவல்துறையின் சோதனையில் அகப்படாத சைலன்சரை எடுத்துக் கொடுத்தவர்கள் உறவினர்களே. ஜெரமி தண்டிக்கப்பட்டால் சொத்து அந்த உறவுகளின் பக்கம் போகும் என்பது எதிரித் தரப்பின் பழைய வாதம். ஜெரமி பெறவிருந்த சொத்தோ சுமார் 4,36,000 பவுண்டு என்று அரசுத் தரப்பு கணக்குக் காட்டியது. ஆதாயம் யாருக்கு என்ற கேள்வியை முதலில் கேட்பது நம் ஊரில் பழகிய புத்தி. வரப்புத் தகராறு பார்க்காத குடும்பம் இங்கே எத்தனை இருக்கிறது? ஆனால் அந்தக் கேள்வி இரு பக்கமும் வெட்டுகிறது என்பதை அன்று நடுவர் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆதாயம் இருக்கிறது என்பதால் ஜெரமி கொலைகாரர் ஆகிவிடமாட்டார். அதே காரணத்தால் உறவினர்கள் சான்றைத் திரித்தவர்களும் ஆகிவிடமாட்டார்கள்.

காதலியின் சாட்சியத்தைப் பற்றிய பகுதி விறுவிறுப்பாகப் போனது, ஆழமாகப் போகவில்லை. கூலிக்கு ஆள் வைத்துக் கொன்றதாக ஜெரமி தம்மிடம் சொன்னார் என்பது அவருடைய வாக்குமூலம். அவர் குறிப்பிட்ட ஆளுக்கோ அன்றிரவு வேறிடத்தில் இருந்ததற்கு உறுதியான சான்று இருந்தது. ஜெரமி தாமே சுட்டார் என்பதுதான் அரசுத் தரப்பின் வழக்கு. வழக்கு முடிந்தபின் காதலி தம் கதையை 25,000 பவுண்டுக்குச் செய்தித்தாள் ஒன்றுக்கு விற்றார். இவற்றை வைத்துக்கொண்டு எங்கள் தரப்பு கைதட்டல் வாங்கியதே தவிர, ஜெரமி அவரிடம் பொய் சொல்லியிருக்கலாம் என்ற எளிய விடையை எவரும் எதிர்கொள்ளவில்லை.

சட்டம் படித்தவர்கள் நிறைந்த அறை என்பதால் பேச்சு நம் நாட்டுச் சட்டத்துக்கு வந்தது. என்னைப் பொறுத்தவரை அந்த மாலையின் மிகச் சிறந்த அரைமணி நேரம் அதுதான். வீட்டுக்குள் நடந்த கொலைக்கு வீட்டில் இருந்தவர்தான் விளக்கம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒருவர் எடுத்து வைத்தார். அதற்கு அடிப்படை, ஒருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியை அவரே நிரூபிக்க வேண்டும் என்னும் பழைய சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாக்ஷிய சட்டத்தில் 109ஆம் பிரிவு. ஜெரமி அந்த இரவில் அந்த வீட்டில் இருந்தார் என்பதே நிரூபிக்கப்பட வேண்டிய செய்தி. அதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு சுமையை அவர் தலையில் ஏற்ற முடியாது என்று இன்னொரு மாணவர் மறுத்தார். அதன்பின் நடுவர் 1984ஆம் ஆண்டின் சரத் பிர்திசந்த் சாரதா தீர்ப்பைக் கொண்டுவந்தார். சூழ்நிலைச் சான்றுகளை மட்டுமே நம்பும் வழக்குகளுக்கு ஐந்து நெறிகளை வகுத்த தீர்ப்பு அது. சான்றுகளின் சங்கிலி எங்கும் அறுபடாமல், குற்றமின்மைக்கு நியாயமான இடமே விடாததாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த வழக்கும் சயனைடால் இறந்த இளம் மனைவியைக் கணவன் கொன்றானா, அவளே நஞ்சருந்தினாளா என்பதுதான். கீழ் நீதிமன்றங்கள் தூக்கு விதித்த கணவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. எசெக்ஸ் வழக்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு கிடைப்பது அரிது.

ஒன்று மட்டும் அன்று பேசப்படாமலே போயிற்று. ஜூரி காரணம் எழுதுவதில்லை. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரியை விட்டொழித்த நமக்கு, தீர்ப்பு என்றால் பக்கம் பக்கமாகக் காரணங்கள். எந்தச் சாட்சியை ஏன் நம்பினார், எதை ஏன் தள்ளினார் என்று நீதிபதியோடு சண்டை போடலாம். செம்ஸ்போர்டில் அந்தப் பத்துப் பேர் சைலன்சரை நம்பினார்களா, காதலியை நம்பினார்களா, அதிகாலைத் தொலைபேசி அழைப்பை நம்பவில்லையா என்பது எவருக்கும் தெரியாது. அதனால்தான் இவ்வழக்கில் ஒரு சான்றை உடைத்தாலும் தீர்ப்பு உடைவதில்லை, பேச்சும் ஓய்வதில்லை. காரணங்களோடு கூடிய ஆவணம் வேண்டுமென்றால் 2002ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் எழுதிய நீண்ட தீர்ப்பைப் படிக்க வேண்டும். சான்றுகளை ஆழமாக ஆராய ஆராய ஜூரி சரியாகவே முடிவு செய்தது என்றே தங்களுக்குத் தோன்றியதாக அந்நீதிபதிகள் எழுதினார்கள். அத்தீர்ப்பின் சுருக்கம்கூடக் குறிப்பேட்டில் இல்லை. நாற்பது பக்கத்தில் பத்துப் பக்கம் புகைப்படங்களுக்குப் போய்விட்ட ஒரு குறிப்பேட்டில் இது பெரிய ஓட்டை.

முடிவில் வாக்கெடுப்பு வைக்கிறார்கள். குற்றவாளி, நிரபராதி என்று இரண்டே கட்டங்கள். ‘கொன்றது அவரே என்று கருதுகிறேன், ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை’ என்று எழுத மூன்றாவது கட்டம் வேண்டும் என்று நான் கேட்டேன், மறுமுறை பார்க்கலாம் என்றார்கள். எனக்கோ மாலை தொடங்கும்போது இருந்த முடிவு அப்படியே இருந்தது. சைலன்சரை விட்டுவிட்டாலும், 25 குண்டுகளைச் சுட இடையில் குறைந்தது இருமுறை குண்டு நிரப்ப வேண்டும். சமையலறையில் ஆறடிக்கு மேல் உயரமுள்ள நெவிலோடு கைகலப்பு நடந்திருக்கிறது. அதையெல்லாம் ஷீலா செய்துவிட்டு நகம்கூட உடையாமல் கிடந்தார் என்பதை ஏற்க என்னால் முடியவில்லை. ஆயினும் இரத்தக்கறை படிந்த விரிப்புகளைக் காவல்துறையே சில நாட்களில் எரித்துவிட்ட ஒரு வழக்கில், என் நம்பிக்கைக்கும் நிரூபணத்துக்கும் இடையே உள்ள தூரம் கூடியிருந்தது.

மற்றவை: இடம் நெருக்கம், மின்விசிறி சத்தத்தில் பின்வரிசைக்குப் பேச்சு கேட்பதில்லை. காப்பி நன்று. கீழே வண்டி நிறுத்த இடமில்லை என்பதால் பஸ்ஸில் வருவதே நலம். குழந்தைகள் கொல்லப்பட்ட வழக்கை விவரமாகப் பேசும் மாலை இது என்று முன்கூட்டியே ஒரு வரி எச்சரிக்கை கொடுக்க வேண்டும். பாதியில் எழுந்து சென்ற ஒரு அம்மாவைப் பார்த்தபின் இதை எழுதத் தோன்றியது. சட்டம் படிப்பவர்கள் தயங்காமல் போகலாம். துப்பறியும் கதை போலப் பொழுது போகும் என்று எதிர்பார்ப்பவர்கள் முந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கலாம். போகிறவர்கள் குறிப்பேட்டை முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் வாசலில்தான் கிடைக்கும்.