ஐம்பது ஆண்டு கண்ட அறிவியல் வானொலி: ஆஸ்திரேலியாவின் ‘தி சயின்ஸ் ஷோ’ குறித்து ஒரு மதிப்புரை

ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகமான ஏபிசியின் ‘ரேடியோ நேஷனல்’ அலைவரிசையில் வாரந்தோறும் வரும் ‘தி சயின்ஸ் ஷோ’ 1975 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. 2025 ஆகஸ்டில் அது 50 ஆண்டுகளை நிறைவு செய்தபோதும், முதல் நாள் ஒலித்த ராபின் வில்லியம்ஸின் குரலே அதை நடத்திக்கொண்டிருந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும் இந்நிகழ்ச்சியை இன்று பாட்காஸ்டாக எங்கிருந்தும் கட்டணமின்றிக் கேட்கலாம். அறிவியலை வெகுமக்களிடம் கொண்டுசேர்க்க வானொலியால் என்ன செய்ய முடியும் என்று அறிய விரும்பும் எவருக்கும், சிறப்பாக நம் ஆசிரியர்களுக்கும் சமுதாய வானொலிகளில் பணிபுரிவோருக்கும், இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். எனக்குச் சில மனக்குறைகளும் உண்டு. அவற்றைப் பின்னர் சொல்கிறேன்.

வானொலி வழி அறிவியல் என்பது நமக்குப் புதிதன்று. 1960களில் ஆடுதுறையில் உருவான ஏடிடி 27 நெல் ரகத்தைப் பற்றி வானொலி மூலம் அறிந்து பயிரிட்ட தஞ்சை உழவர்கள், அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு அழைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் அகில இந்திய வானொலியும் சேர்ந்து, மனிதப் பரிணாமத்தைப் பற்றி 144 பகுதிகள் கொண்ட நெடுந்தொடரை 18 இந்திய மொழிகளில் ஒலிபரப்பின. முன்னது, கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்று சொன்ன அறிவியல். பின்னது, அறிஞர்கள் கண்டறிந்தவற்றைக் கதையாகக் கோத்துத் தந்த அறிவியல். இரண்டும் பெரும்பணிகள் என்பதில் ஐயமில்லை. ‘தி சயின்ஸ் ஷோ’ இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை. ஒரு முடிவு எப்படி எட்டப்பட்டது, அதை யார் சரிபார்த்தார்கள், யார் மறுக்கிறார்கள், எது இன்னும் தெரியவில்லை என்பதை அந்த ஆய்வாளர்களின் வாயாலேயே கேட்க வைப்பதுதான் இதன் வேலை. இந்த வகை நம் வானொலிகளில் மிக அரிது. இதை விரிவாக எழுத எண்ணியதற்கு அதுவே காரணம்.

முதல் நிகழ்ச்சியே இதன் போக்கைக் காட்டிவிடுகிறது. கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த பசிபிக் அறிவியல் மாநாட்டிலிருந்து அது தொகுக்கப்பட்டது. அதில் பேசியவர்களுள் ஒருவர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அறிவியல் எழுத்தாளரும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற மேலவை உறுப்பினருமான ரிச்சி கால்டர் பிரபு. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் வளிமண்டலத்தில் சேரும் கரியமில வாயு பூமியின் தட்பவெப்பத்தை மாற்றிவிடும் என்று அவர் அன்றே எச்சரித்தார். ஐக்கிய நாடுகள் அவையின் தட்பவெப்ப மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு அமைக்கப்பட்டது 1988இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், 1975ஆம் ஆண்டின் ஒரு வார இறுதியில் சமையலறையிலும் காரிலும் இருந்த சாதாரண நேயர்களின் காதுக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்திருந்தது என்பதன் பெறுமதி விளங்கும். அறிவியல் மாநாடுகளுக்கு நேரில் போய், அங்கே ஆய்வாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பொதுமக்களுக்கும் கேட்கத் தருவது என்ற அந்த முதல்நாள் வழக்கத்தை வில்லியம்ஸ் பிறகும் விடவில்லை; அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் ஆண்டுக் கூட்டங்களிலிருந்து அவர் தொகுத்தளித்த நிகழ்ச்சிகள் பல.

ஆயினும் இந்நிகழ்ச்சியின் வரலாற்றில் நான் மிக உயர்வாக மதிப்பது, 1987 டிசம்பரில் ஒலிபரப்பான வில்லியம் மெக்பிரைடு பற்றிய புலனாய்வையே. மெக்பிரைடு சிட்னியில் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவர். கருவுற்ற பெண்களின் குமட்டலுக்குக் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் உறுப்புக் குறைபாட்டுடன் பிறப்பதாகத் தமக்கு எழுந்த ஐயத்தை, 1961இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழுக்கு எழுதிய சின்னஞ்சிறு கடிதத்தில் வெளியிட்டு உலகை எச்சரித்தவர். ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் அதே காலத்தில் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். அந்த எச்சரிக்கையால் ஆஸ்திரேலியாவின் பெருமைக்குரிய மனிதராகக் கொண்டாடப்பட்ட மெக்பிரைடு, கருவிலிருக்கும் குழந்தைகளின் நலனுக்காக ‘ஃபவுண்டேஷன் 41’ என்ற ஆய்வு நிறுவனத்தையும் நடத்தினார். 1982இல் அந்நிறுவனத்திலிருந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. ஹையோசின் என்ற மருந்தைக் கருவுற்ற முயல்களுக்குக் கொடுத்தபோது குட்டிகளிடம் குறைபாடுகள் தோன்றின என்பது அதன் சாரம். கட்டுரையின் கூட்டாசிரியர்களில் ஒருவராகப் பெயர் போடப்பட்டிருந்த இளைய ஆய்வாளர் ஃபில் வார்டி, அச்சான பிரதியைப் படித்தபோது அதிலிருந்த எண்கள் தாம் பதிவு செய்த எண்களே அல்ல என்பதைக் கண்டார். முயல்களின் எண்ணிக்கையும் கொடுக்கப்பட்ட மருந்தின் அளவும் மாற்றப்பட்டிருந்தன.

இதை வானொலிக்குக் கொண்டுவந்தவர், குழந்தை மருத்துவத்தில் பயிற்சி பெற்ற மருத்துவரும் ஏபிசியின் செய்தியாளருமான நார்மன் ஸ்வான். ஓர் அட்டவணையைக் கூடக் காட்ட முடியாத ஊடகத்தில், புள்ளிவிவர மோசடி ஒன்றைக் கேட்பவருக்குப் புரிய வைப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எத்தனை முயல்கள், எவ்வளவு மருந்து என்ற இரண்டே கேள்விகளைப் பிடித்துக்கொண்டால் அறிவியல் படிக்காத நேயருக்கும் நடந்தது என்னவென்று விளங்கிவிடும். வானொலிக்கு ஏற்ற வழி அதுவே. 1988இல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் தலைமை நீதிபதி ஹாரி கிப்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு, மெக்பிரைடு அறிவியல் மோசடி செய்தார் என்ற முடிவுக்கு வந்தது. 1993இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்தே அவர் பெயர் நீக்கப்பட்டது. ஸ்வானுக்கு ஆஸ்திரேலிய இதழியலின் உயரிய விருதான தங்க வாக்லி கிடைத்தது.

இது ஏதோ ஒரு தனிமனிதரின் வீழ்ச்சிக் கதை என்று கடந்துவிடக் கூடாது. மெக்பிரைடு எதிர்த்து வந்த ‘டெபெண்டாக்ஸ்’ என்ற குமட்டல் மருந்தைத் தயாரிப்பாளர்கள் வழக்குகளின் நெருக்கடியால் 1983இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். அம்மருந்து குறைபாடுகளை உண்டாக்குவதில்லை என்றே விரிவான ஆய்வுகள் காட்டின. 2013இல் அமெரிக்காவில் அதே மருந்துச் சேர்க்கைக்கு மீண்டும் ஒப்புதல் வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டில் வாந்தியால் அவதிப்பட்ட கர்ப்பிணிகளுக்கு ஒரு பாதுகாப்பான மருந்து இல்லாமல் போனது. அறிவியலைக் கொண்டாடுவதற்கென்றே இருக்கும் ஒரு நிகழ்ச்சி, நாடே போற்றிய ஒருவரின் ஆய்வைச் சந்தேகித்து, ஆதாரத்தைத் தேடி, அதை ஒலிபரப்பும் துணிவு பெற்றிருந்தது. அப்படிச் செய்தும் 1961ஆம் ஆண்டின் அவருடைய எச்சரிக்கை உண்மை என்பதை யாரும் மறைக்கவில்லை. ஒரே மனிதர் ஓரிடத்தில் சரியாகவும் மற்றோரிடத்தில் பொய்யாகவும் இருக்க முடியும், ஆகவே ஆளைப் பார்த்து நம்பாமல் சான்றைப் பார்த்தே நம்ப வேண்டும் என்பதை நேயர் தாமாகவே உணர்ந்துகொள்கிறார். எத்தனை பாடப்புத்தகங்கள் இதைச் செய்திருக்கின்றன?

வழக்கமான வாரங்களில் இவ்வளவு பரபரப்பு இருக்காது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் பல நேர்காணல்கள் வரும்: ஒரு வானியலர், ஒரு பூச்சியியலர், முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கும் ஒரு மாணவி என்ற வரிசையில். வில்லியம்ஸின் கேள்விகள் குட்டையானவை. புரியாத கலைச்சொல் விழுந்தால் அதைக் கடந்துபோக விடாமல் விளக்கம் கேட்பார். ஆனால் எளிமைப்படுத்துகிறேன் என்று தாமே குறுக்கே புகுந்து விஷயத்தை நீர்த்துப்போகச் செய்ய மாட்டார். ஆய்வாளர் ஒரு கணம் தயங்கி, சொன்னதைத் திருத்திக்கொண்டு, பிறகு தொடர்வதையும் வெட்டாமல் விட்டுவைப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். உறுதியாகத் தெரிந்ததற்கும் ஊகத்துக்கும் உள்ள இடைவெளியை அச்செழுத்தைவிடக் குரல் நேர்மையாகக் காட்டுகிறது. இளம் ஆய்வாளர்களுக்கு நிறைய இடம் தருவதும் பாராட்டுக்குரியது. ஐந்து இளம் அறிவியலாளர்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் ஒலிபரப்பு நிலையத்திலேயே தங்கிப் பயிலச் செய்யும் ‘டாப் ஃபைவ்’ என்ற திட்டத்தையும் ரேடியோ நேஷனல் நடத்தியிருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களும் வானொலி நிலையங்களும் கைகோத்தால் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் இது.

இனிக் குறைகள். உரையாடலில் அளவுகள் பிசகும்போது வானொலியின் பலமே பலவீனமாகிவிடுகிறது. 2007இல் பத்திரிகைப் பத்தி எழுத்தாளர் ஆண்ட்ரூ போல்ட்டுடன் நடந்த விவாதத்தில், இந்த நூற்றாண்டுக்குள் கடல்மட்டம் 100 மீட்டர் உயர முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்று வில்லியம்ஸ் பதிலளித்தார். அதே ஆண்டு அரசுகளிடைக் குழு வெளியிட்ட அறிக்கையின் கணிப்போ 18 முதல் 59 சென்டிமீட்டர். தட்பவெப்ப மாற்றத்தைக் கவலையோடு பார்க்கும் எனக்கு அந்தப் பதில் வருத்தமளித்தது, ஏனென்றால் எதிர்த்தரப்பு அதைப் பல்லாண்டு காலம் மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தது. மெக்பிரைடு விவகாரத்தில் எண்களை அவ்வளவு கறாராகச் சோதித்த நிகழ்ச்சி, தன் தொகுப்பாளரின் வாயில் வந்த எண்ணிலும் அதே கறாரைக் காட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று, உலகம் சற்றுச் சுருங்கித் தெரிகிறது. ஆஸ்திரேலியா போக, கேம்பிரிட்ஜும் ஹார்வர்டும் திரும்பத் திரும்ப வரும் அளவுக்கு பெங்களூரும் நைரோபியும் வருவதில்லை. தொகுப்பாளரின் பழைய நண்பர்களைப் பற்றிய நீண்ட முன்னுரைகளும் புதிய நேயரை வெளியே நிறுத்திவிடும். சில நேர்காணல்கள் சூடுபிடிக்கும் நேரத்தில் முடிந்துவிடுகின்றன. நான்கு பேரை அழைத்து ஆளுக்குச் சில நிமிடங்கள் தருவதைவிட இருவரைக் கூடுதலாகப் பேச விட்டிருக்கலாம் என்று அடிக்கடி தோன்றும். அவ்வகையில், இதே வில்லியம்ஸ் 1984இல் தொடங்கிய ‘ஆக்கம்ஸ் ரேசர்’ என்ற சிறு நிகழ்ச்சி எனக்கு இதைவிட நிறைவு தருகிறது. கேள்வி கேட்க யாருமின்றி, அறிவியலாளர் ஒருவர் தாமே எழுதிய உரையைக் கால் மணி நேரத்துக்கும் குறைவாக வாசிக்கும் அமைப்பு அது. ஒரே கருத்து, ஒரே குரல், சிதறலே இல்லை.

ஆஸ்திரேலிய உச்சரிப்பும் பேச்சின் வேகமும் தொடக்கத்தில் நம்மவர்களைச் சிரமப்படுத்தலாம். பல நிகழ்ச்சிகளின் எழுத்து வடிவத்தை ஏபிசி தன் இணையதளத்தில் தருகிறது. அதை முதலில் ஒருமுறை படித்துவிட்டுக் கேட்பது நல்லது. வகுப்பறையில் பயன்படுத்தும் ஆசிரியர்கள் முழு நிகழ்ச்சியையும் ஒலிக்கவிடாமல், பத்து நிமிட நேர்காணல் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆய்வாளர் எந்தச் சான்றை வைத்து இப்படிச் சொல்கிறார் என்ற ஒரு கேள்வியோடு மாணவர்களைக் கேட்க வைக்கலாம். 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் வளாக வானொலிகள் பல வந்துவிட்டன. அவற்றில் நிகழ்ச்சி தயாரிக்கும் மாணவர்கள், தங்கள் கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்கே ஒலிப்பதிவுக் கருவியோடு போய், அங்கே இன்னும் முடியாத ஓர் ஆய்வைப் பற்றித் தமிழில் பேச வைக்கும் முறைக்கு ‘தி சயின்ஸ் ஷோ’வைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை. புதிதாகக் கேட்கத் தொடங்குவோர் அண்மைய வாரங்களின் நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்கி, குரலும் நடையும் பழகிய பின்னர் பழைய தொகுப்புகளுக்குப் போகலாம்.