18 சதவீதப் புரத முட்டைக்கோழித் தீவனம்: புறக்கடை வளர்ப்போர் கூடுதல் விலை கொடுத்து வாங்கலாமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத் தீவனக் கடைகளில் முட்டைக்கோழித் தீவனம் என்று கேட்டால் பெரும்பாலும் 16 சதவீதப் புரதம் உள்ள மூட்டையைத்தான் எடுத்துத் தருகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே சற்றுக் கூடுதல் விலையில் 18 சதவீதம் என்று அச்சிட்ட மூட்டையும் இருக்கும். பண்ணையாளர்களுக்கு எதை வாங்குவது என்று சொல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் பத்து, இருபது கோழிகளை வளர்ப்பவர்தான் கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு வாங்குகிறார். காரிமங்கலத்தை அடுத்த எங்கள் வீட்டில் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கிய கிராமப்ரியா இனக் கோழிகளும், சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழியான சிறுவிடையும் சேர்ந்து வளர்கின்றன. இரண்டு வகைத் தீவனத்தையும் அவற்றுக்குக் கொடுத்துப் பார்த்த அளவில், முட்டையிடும் பருவத்தில் 18 சதவீதத் தீவனமே நம் பகுதிக்கு ஏற்றது என்பது என் கருத்து. நாம் கோழிக்குத் தீவனத்தை மட்டும் போடுவதில்லை என்பதே அதற்கு முதற்காரணம்.

காலையில் கூண்டைத் திறந்துவிட்டதும் ஒரு கை கேழ்வரகோ மக்காச்சோளமோ இறைக்காத வீடு இங்கே குறைவு. கேழ்வரகில் புரதம் ஏறக்குறைய 7 சதவீதம், மக்காச்சோளத்தில் 9 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நாளுக்கு 100 கிராம் உண்ணும் ஒரு கோழி அதில் 30 கிராமைக் கேழ்வரகாகத் தின்றுவிட்டால், 16 சதவீதத் தீவனத்திலிருந்தும் தானியத்திலிருந்தும் சேர்ந்து அதற்குக் கிடைப்பது 13.3 கிராம் புரதம்தான். 18 சதவீதத் தீவனமாக இருந்தால் 14.7 கிராம் கிடைக்கும். ஒரு முட்டையில் மட்டும் ஏறக்குறைய 6 கிராம் புரதம் வெளியேறுகிறது. தின்ற புரதம் முழுவதும் முட்டையாக மாறிவிடுவதும் இல்லை. தானியத்தை நிறுத்திவிட்டு மூட்டைத் தீவனத்தை மட்டுமே கொடுப்பவருக்கு 16 சதவீதம் போதும். ஆனால் அப்படி வளர்ப்பவரை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது காரணம் வெயில். பங்குனி, சித்திரையில் தர்மபுரிப் பக்கம் கோழி நிழலைத் தேடிப் படுத்துக்கொண்டு தண்ணீரை அதிகமாகவும் தீவனத்தைக் குறைவாகவும் எடுத்துக்கொள்ளும். உண்ணும் அளவு குறையும்போது உண்ணும் ஒவ்வொரு கிராமிலும் சத்து கூடுதலாக இருந்தாக வேண்டும். ஓசூர், தளி போன்ற குளிர்ந்த இடங்களில் இந்தத் தேவை அவ்வளவு இல்லை. அதற்காக 20 சதவீதத்தையும் தாண்டிப் போவது வீண். உடலுக்கு வேண்டாத புரதத்தைக் கோழி எச்சத்தில்தான் வெளியேற்றும், கூண்டில் அம்மோனியா நெடி கண்ணை எரிக்கும், வெயில் காலத்தில் உடல் சூடும் கூடும்.

மூட்டையைப் பற்றிச் சொல்கிறேன். நான் வாங்கிய 18 சதவீதத் தீவனம் குருணை வடிவிலும், 16 சதவீதத் தீவனம் மாவு வடிவிலும் வந்தன. இந்த வேறுபாடு புரதத்துக்கு இணையாக முக்கியமானது என்பதைத் தீவனத் தட்டைப் பார்த்துத்தான் உணர முடிந்தது. மாவுத் தீவனத்தைப் போட்டால் கோழி முதலில் உடைத்த சோளத் துண்டுகளைப் பொறுக்கித் தின்னும். மாலையில் தட்டின் அடியில் மஞ்சளும் வெளுப்புமாக மெல்லிய தூள் படிந்து கிடக்கும். மெத்தியோனைன் (புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில் ஒன்று), வைட்டமின், தாது உப்பு எல்லாம் அந்தத் தூளில்தான் இருக்கின்றன. சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனைன் என்பதால், தூளை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் தின்ற கோழிக்கு அட்டையில் அச்சிட்ட சதவீதத்தால் எந்தப் பயனும் இல்லை. குருணையில் அப்படிப் பிரித்துத் தின்ன முடியாது. சிந்திச் சிதறுவதும் குறைவு. மாவுத் தீவனமே கிடைத்தால், ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் தண்ணீர் தெளித்துப் பிசிறிக் கொடுத்து, மிஞ்சியதைப் புளிக்கும் முன் எடுத்துவிட வேண்டும்.

அட்டையில் இருப்பது கச்சாப் புரதத்தின் அளவு. தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கி அதைக் கணக்கிடுகிறார்கள் என்பதால், அந்த எண் உயர்ந்திருப்பது மட்டுமே தரத்துக்குச் சான்று ஆகாது. அமிலத்தில் கரையாத சாம்பல் எவ்வளவு என்று அட்டையில் பாருங்கள், மண்ணும் மணலும் கலந்திருந்தால் அங்கே தெரியும். சுண்ணாம்புச் சத்து 3 முதல் 4 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். உற்பத்தித் தேதி இல்லாத மூட்டையை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். ஒரு கடையில் தேதி ஒட்டிய சீட்டு கிழிந்த மூட்டையை எனக்குக் கொடுத்தார்கள். பிரித்தபோது அடிப்பகுதி கட்டிதட்டி, கையில் எடுத்தால் பூஞ்சணம் நாறியது. கடலைப் புண்ணாக்கிலும் ஈரம்பட்ட சோளத்திலும் பூஞ்சையால் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நச்சு கோழியின் கல்லீரலைக் கெடுக்கும். காய வைத்தாலும் அது போகாது.

சுண்ணாம்புச் சத்து பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புரதத்தைத் தேடி ஓடும்போது நாம் மறப்பது இதைத்தான். கேழ்வரகில் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது என்பது மனிதர்களின் கணக்கில் உண்மை; 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கும். ஆனால் ஒரு முட்டை ஓட்டுக்கே ஏறக்குறைய 2 கிராம் வேண்டும். எனவே கேழ்வரகு கொடுக்கும் வீட்டில் தீவனத்தின் சுண்ணாம்பும் புரதத்தைப் போலவே நீர்த்துப்போகிறது. 18 சதவீத மூட்டை இந்தக் குறையைத் தீர்ப்பதில்லை. உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில், மாலை நேரத்தில் எட்டும்படி வையுங்கள். முட்டை ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. கிளிஞ்சல் துண்டு இரைப்பையில் தங்கி மெல்லக் கரைந்து அந்த நேரத்தில் உதவும். எங்கள் கிராமப்ரியா கோழிகள் இருட்டும் முன் அந்தக் கிண்ணத்தைச் சுற்றி நிற்கும். பகலில் சீண்டுவதே இல்லை. கிண்ணம் வைத்தபின், ஓடு கெட்டிப்படாத தோல் முட்டை இடுவது நின்றது.

புரதம் வேண்டும் என்பதற்காகக் கறிக்கோழித் தீவனத்தை வாங்கிப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும், சுண்ணாம்போ 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், ஓடு மெலியும். அதேபோல முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போடுவதும் கூடாது, அந்த அளவுச் சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தாய்க்கோழியோடு குஞ்சு திரியும் வீட்டில், குஞ்சு மட்டும் நுழையும்படி மூங்கில் தட்டி கட்டி அதற்குள் குஞ்சுத் தீவனத்தை வைப்பதும், பெரிய கோழிகளின் தீவனத் தட்டைக் குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுவதுமே எளிய வழி.

பலன் என்ன என்று கேட்டால், இறகு உதிர்ந்து முளைத்த கோழிகளில்தான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது என்பதால் இதில் வியப்பில்லை. கழுத்தும் முதுகும் மூடி அவை மீண்டும் முட்டைக்கு வந்தது முன்பைவிட விரைவாகவே இருந்தது. கிராமப்ரியாவின் முட்டை சிறுக்காமல் வந்தது. மஞ்சள் கருவின் நிறத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்த நிறம் கீரையிலிருந்தும் மஞ்சள் சோளத்திலிருந்தும் வருவது, புரதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிறுவிடைகளுக்கு இந்தச் செலவு அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 60, 80 முட்டை இட்டு அடைக்கு உட்காரும் கோழிக்கு, மேய்ச்சலில் கிடைக்கும் கரையானும் புழுவும் போக, முட்டையிடும் நாட்களில் மட்டும் இத்தீவனம் கொடுத்தால் போதும்.

இருபது கோழிகளுக்கு 50 கிலோ மூட்டை, தானியம் சேர்த்துக் கொடுக்கும்போது, ஒரு மாதத்தைச் சற்றுத் தாண்டி வரும். அதற்கும் குறைவான கோழிகள் இருப்பவர்கள் கடையில் பிரித்துவைத்த மூட்டையிலிருந்து கிலோக் கணக்கில் வாங்குவதைவிட, பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து முழு மூட்டையாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது நல்லது. தரையில் படாமல் பலகை மேல் வைத்து, மழைக்காலத்தில் மூடியிட்ட டிரம்மில் கொட்டிவையுங்கள்; புதிய மூட்டையைப் பழையதன் மேல் கொட்டாமல், டிரம்மைத் துடைத்துக் காயவைத்த பிறகே நிரப்புங்கள்.